குடைக் குள்ளனின் பாமாலை

கோவில்பட்டி
16.2.2004

அன்பு மகள் ஆஸ்லினுக்கு,

அப்பா பாக்கியசாமி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்தக் கனடாப் பனியில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்தைப் பார்த்து அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே. அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், இப்போது கூட என் முதுகுக்குப் பின்னால் நின்று எழுத்துப்பிழை பார்க்கிறாள். இந்தக் கடிதத்தை நான் என் கையால் எழுதினால்தான் இன்றைக்குச் சோறு என்று சொல்லிவிட்டாள். பதினோரு வருஷமாக நீ போன் செய்தால் நான் எடுத்ததும் அம்மாட்டக் குடுங்க என்று சொல்கிறாய், நானும் வீம்புக்கு இந்தா உன் மகள் என்று கொடுத்துவிடுகிறேன். பிளஸ் டூ பரீட்சைக்கு முந்தி உன் டி.வி. கேமை நான் கிணற்றில் போட்டதில் இருந்து நம் இரண்டு பேருக்கும் இடையில் இதுதான் பேச்சு. மே மாதம் லீவு கிடைக்கும், ஆனால் இங்கே வருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த விஷயத்துக்குத்தான் வருகிறேன், அதற்கு முன்னால் நேற்று கோயிலில் நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

நேற்று அறுப்பின் பண்டிகை. மைக் செட் வழக்கம்போல நம்முடையதுதான், ஆம்ப்ளிஃபயரில் நானும் இருபது வருஷமாக என்னோடு வேலை பார்க்கிற கடற்கரையும். கம்பு, உளுந்து, பருத்தி, மிளகாய், ஒரு முரட்டு வெடைக்கோழி என்று காணிக்கை எல்லாம் முன்னால் அடுக்கியிருந்தது. கீபோர்டு வாசிக்கிறவர் வந்த பஸ் கயத்தாற்றில் பழுதாகி நின்றுவிட்டது. ஆரம்பிக்கும் வரை மெதுவாக எதையாவது ஓட விடு என்று கடற்கரையிடம் சொன்னேன். அவன் சி.டி. பையில் கையை விட்டு, நீ அம்மாவுக்கு அனுப்பிய சி.டி.யை எடுத்துவிட்டான். நீயும் அதன் மேல் ஆர்கெஸ்ட்ரா என்று மட்டும்தானே எழுதியிருந்தாய், கோயிலுக்கு ஏற்றதுதான் என்று நினைத்துப் போட்டுவிட்டான். எடுத்த எடுப்பில் நாற்பது வயலின் சேர்ந்த மாதிரி கம்பீரமாக ஒரு ராகம் எழும்பியது பார், ஆராதனையின் முதல் பாமாலைதான் தொடங்கிவிட்டது என்று சபை முழுவதும் சரசரவென்று எழுந்து நின்றது. சபைக்குரு ஐயரும் அவசரமாக அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, எந்தப் பாட்டு என்று கமிட்டிச் செயலாளர் ஜேம்ஸ்ராஜிடம் கேட்டார். தெரியாது என்ற சொல் அவர் வாயில் என்றைக்கு வந்திருக்கிறது, நூத்தி நாப்பத்தேழு ஐயா, ராகத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்காவ என்றார். பிறகு என்ன, புத்தகத்தைப் புரட்டிச் சபை பாட ஆரம்பித்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு வரி பொருந்தியது.

மூன்றாவது வரிக்குப் போகையில் கம்ப்யூட்டர் டிரம் டும்டும் என்று கிளம்பியது. கோழி கட்டை அறுத்துக்கொண்டு மிளகாய்க் குவியல் மேலே ஏறிப் பறந்தது, முன்வரிசை முழுக்கத் தும்மல். பாடகர் குழு மட்டும் நிறுத்தவே இல்லை, உன் அம்மா ஸ்டெல்லாமேரிதான் அதில் எல்லாரையும் விடச் சத்தம். நான் சி.டி.யை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. ஏனென்றால் எனக்கு அந்த ராகம் தெரியும். குடை பிடித்துக்கொண்டு ஒரு குள்ளன் பாறைக்குப் பாறை குதிப்பானே, அந்த கேமின் பாட்டு. அவன் குதிக்கிற இடம் வரும்போதெல்லாம் என் பெருவிரல் தன்னால் கீழே அழுத்தியது, விரலுக்கு அடியில் இருந்தது ஐயருடைய மைக் சுவிட்ச். பாட்டு ஓடும்போதே அவர் சொன்ன ஜெபம் வெட்டி வெட்டிக் கேட்டது. முடிந்ததும் ஐயர் நேரே என்னிடம் வந்து, இது என்ன பாட்டு அண்ணாச்சி என்று கேட்டார். என் மகள் போட்டது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு வெட்கமாக இல்லை, பெருமையாக இருந்தது. அவர் தும்மிக்கொண்டே நல்லாருக்கு என்றார். ஜேம்ஸ்ராஜ் இன்னும் அது நூற்று நாற்பத்தேழுதான் என்று சாதிக்கிறார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அம்மா பிடித்துக்கொண்டாள். பெருவிரலைப் பார்த்திருக்கிறாள். கெணத்துல போட்ட சாமானோட பாட்டு ஒங்களுக்கு எப்படித் தெரியும், உண்மையச் சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டேன். உனக்கும் சொல்கிறேன். அன்றைக்குக் கிணற்றில் தொபுக்கென்று விழுந்தது துண்டில் சுற்றிய செங்கல். கேமை உள்ளே ஒன்றும் இல்லாத பழைய ஸ்பீக்கர் பெட்டிக்குள் வைத்துத் திருகாணி போட்டு மூடினேன். பரீட்சை முடிந்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன், அதற்குள் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். பொய் சொன்னவன் என்று உன் முன்னால் நிற்க அப்பனுக்கு மனசு வரவில்லை. நீ அழுத அன்றைக்கே எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காதது என் தப்பு. நீ பாளையங்கோட்டை ஹாஸ்டலுக்குப் போன பிறகு, புதன்கிழமை அம்மா பெண்கள் சங்கத்துக்குக் கிளம்பியதும், வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான் ஒரு தரம் போட்டேன். எத்தனையோ புதன்கிழமை அப்படிப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தக் குள்ளனை நான் தள்ளாத குழி இல்லை. நாலாவது ஸ்டேஜுக்கு மேல் போனதில்லை, அந்தத் தண்ணீரை எப்படித் தாண்டுவது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இன்று காலையில் உன் சி.டி.யை உட்கார்ந்து மூன்று தடவை கேட்டேன். உன்னைப்போல் இந்தப் பாட்டுகள் மேல் கிறுக்குப் பிடித்தவர்கள் எந்தெந்த நாட்டிலோ இருந்து வாசித்து அனுப்ப, நீ கோர்த்தது என்று அம்மா சொன்னாள். பாறை வருகிறது, குகை வருகிறது, தண்ணீர் வருகிறது, அதெல்லாம் எனக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு டிரம் எல்லாம் அடங்கி, ஒற்றை வயலின் மட்டும் மெதுவாக ஒன்று வாசிக்கிறதே, அதை நான் கேட்டதே இல்லை. அந்த ஸ்டேஜுக்கு நான் போனதில்லை மகளே.

குளிரில் தலையில் துணி கட்டாமல் வெளியே போகாதே, ராத்திரியில் மோர் குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. கேம் நன்றாகவே ஓடுகிறது, கையில் பிடித்து அமுக்குகிற பட்டன் பெட்டி இரண்டில் ஒன்றுதான் செத்துப்போயிற்று, அங்கே கிடைத்தால் மே மாதம் ஒன்று வாங்கி வா. வருகிற ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் எடுப்பேன். அந்த வயலின் எந்த ஸ்டேஜ் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அப்புறம் அம்மாட்டக் குடுங்க என்று சொல்.

இப்படிக்கு,
நாலாவது ஸ்டேஜில் நிற்கும் உன் அப்பா,
த. பாக்கியசாமி