சாட்சி சொன்ன பிறகு விட்ட பீடி

பாளையங்கோட்டை

கர்த்தருக்குள் பிரியமான மகள் ஃபெபிக்கு, உன்னைப் பெறாத தகப்பன், உன் சித்தப்பா எழுதுவது. சித்தி சாரம்மாள் சுகம், கோழிகள் சுகம், என்னைப் பற்றி மட்டும் கேட்காதே. கனடாவில் நீயும் மருமகனும் குட்டி சுபினும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

இளைப்பு உள்ள பிள்ளையைப் பீடிப் புகை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன், ஞானஸ்நானத்தைக் கனடாவிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று போனில் சொன்னாயே, மகாராணி உத்தரவு. தாமிரபரணி வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று பீடி பற்றவைத்த ஒரே ஆள் நான், மாவட்டத்துக்கே தெரியும். அப்படிப்பட்டவன் அடுத்த ஞாயிறே ஆராதனையில் எழுந்து, பீடியை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொன்னேன். சபை போட்ட அல்லேலூயாவில் கோயில் ஓடு நாலு பறந்தது. சட்டைப்பையில் ஒரு கட்டு இருந்தது உண்மைதான், மறுநாள் விடுவதாக எண்ணம், சாட்சியைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

அதோடு ஊரே போலீஸாகிவிட்டது. பெட்டிக்கடை கருத்தையா, சாட்சி சொன்ன வாயில பீடியா வே, பைய வீட்டப் பாத்து நடயும் என்று விரட்டினான். டாக்டர், பீடியை விட்டால் கோபம் வரும், அழுகை வரும் என்றார். என்ன பெரிய படிப்பு, எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே அது தெரிந்துவிட்டது. குக்கர் விசிலடித்தால் குக்கரோடு சண்டை. எருமை காணவில்லை என்று ஒருவன் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப்போனான், முன்பின் தெரியாத எருமைக்காகத் தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்து வீட்டு ஆபிதா பீவி மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அண்ணாச்சி, என்னத்தையோ பறிகொடுத்த மாதிரில்லா பாக்கீய என்று சுளகோடு உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பூதத்தானிடம் ஒரு பீடி வாங்கி இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். இரண்டேதான், இதில் கூட்டிக் குறைக்கவில்லை. சாரம்மாள் வாசம் பிடித்தாள். பிள்ளைக்குத் தைத்துக்கொண்டிருந்த ஞானஸ்நான அங்கியை ஊசியோடு மடித்துப் பெட்டியில் வைத்தாள். திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

அடுத்த ஞாயிறு மறுபடி எழுந்து நின்றேன். முதலில் சொன்னது பொய், சொல்லும்போது பையில் பீடி இருந்தது, நேற்று முன்தினமும் குடித்தேன் என்றேன். அல்லேலூயா வரவில்லை. ஒருவர் மட்டும் இருமினார். அன்றிலிருந்து எண்ணினால் இன்றோடு பதினொரு நாள்.

வா என்று சொல்ல எனக்கு வாயில்லை. வந்தால், பிள்ளையைக் காரிலேயே வைத்துவிட்டு நீ முதலில் இறங்கி என் சட்டை, மீசை, கை எல்லாம் முகர்ந்து பார். வாசம் அடித்தால் நான் கோயிலுக்கு வெளியே நின்றுகொள்கிறேன், பிள்ளையைத் தொட மாட்டேன்.

ஆண்டவர் உங்கள் மூவரையும் தம் சிறகின்கீழ் காக்கட்டும். சுபினுக்குக் குளிர் படாமல் பார்த்துக்கொள். வருவது முடிவானால் சித்திக்கே போன் செய், எனக்கு வேண்டாம், எருமைக்கே அழுதவன்.

உன் சித்தப்பா,
அப்பாத்துரை