கச்சாலுக்குப் போன நோட்டு

9 ஜூலை 1974

ருக்கு தூங்கிவிட்டாள். மூச்சு சீராகத்தான் இருக்கிறது. மூன்று முறை பார்த்துவிட்டேன்.

சுற்று நோட்டு இன்று என் கைக்கு, ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸுக்கு, திரும்பியது. தீவுக்குத் தீவு கப்பலில் போய், அவரவர் பார்த்த பறவையை எழுதி அடுத்தவருக்கு அனுப்பும் நோட்டு. நான் ஆரம்பித்தது. ருக்கு பிறந்தபின் மூன்று மாதம் இந்தக் குவார்ட்டர்ஸ் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். நோட்டு வந்துதான் ஜன்னல் பக்கம் போனேன்.

ரங்கத் வாத்தியார் இரண்டு வரி. பாம்பூஃப்ளாட்டில் கடை வைத்திருக்கும் நஜிமுதீன் பாய் வழக்கம்போல் காகம். கச்சால் ஜெயமணி முக்கால் பக்கம். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கச்சாலில் ரப்பர்ப் பால் எடுக்கிறவள். நேரில் பார்த்ததில்லை. எங்களில் புதியவள். ‘ஆறுமணிக் குருவி ஒன்னு, ரப்பர் காட்டுல. அந்தி ஆறு மணிக்குக் கத்துச்சு’ என்று எழுதியிருந்தாள்.

பக்தவத்சலம் சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். காட்டிலாகாவில் ரேஞ்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குள் பறவை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். “கச்சால்ல ஏதும்மா ஆறுமணிக் குருவி? ஊர் நெனப்புல எழுதியிருக்கு அந்தப் பொண்ணு. அடிச்சிடுங்க. நோட்டை நாலு பேர் நம்பணுமில்ல?”

அடித்தேன். ஸ்கேல் வைத்து, சிவப்பு மையில். ஓரத்தில் ‘தவறு’ என்றும் எழுதினேன்.

11 ஜூலை

நோட்டு மறுபடி கப்பலேறியது. முதலில் கச்சால்.

16 ஆகஸ்ட்

நோட்டு திரும்பி வந்தது. கச்சால் பக்கம் காலி. உள்ளே கடிதம்.

‘அக்கா, நோட்டு பாத்தேன். சிலோன்ல எங்க ஆளுங்க பேரெல்லாம் லிஸ்ட்டுல அடிச்சாங்க, பிரஜாவுரிமை இல்லன்னு. அதான் கப்பலேறி வந்தோம். அது பழகிப்போச்சு. ஒரு குருவி பேரையும் அடிப்பாங்கன்னு நெனக்கல. அது கத்துனத எங்கம்மாவும் கேட்டுச்சு. தெரிஞ்சவங்களே எழுதிக்கட்டும். இனிமே எனக்கு அனுப்ப வேணாம்.’

சார் சொன்னார், அடித்தேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல? கை என் கை.

20 ஆகஸ்ட்

சோறு இறங்கவில்லை. “ஒரு குருவிக்கா இவ்வளவு?” என்கிறார் இவர். துறைமுக வேலைக்குப் போனால் அங்கே பேச நூறு பேர் இவருக்கு.

குருவிக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் பக்கத்தின் அடியில் ‘பாப்பாவுக்குப் பல்லு மொளச்சிருச்சா?’ என்று கேட்டவள் அவள். வேறு யார் கேட்டார்கள்?

24 ஆகஸ்ட்

ருக்குவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி குட்வில் எஸ்டேட்டில் சார் வீட்டுக்குப் போனேன். ஜெயமணிக்கு இரண்டு வரி எழுதிக் கொடுங்கள் சார் என்றேன்.

“எதுக்கு? தப்பைத் தப்புன்னு சொன்னதுக்கா?”

“நீங்க அதைப் பார்க்கலையே சார்.”

“நாப்பது வருஷமா பாக்கறேன்மா. உங்க நோட்டு என்ன பஜனை மடமா, வர்றவங்கல்லாம் வாய்க்கு வந்ததைப் பாட? அப்படீன்னா நான் எதுக்கு?”

இரவல் கொடுத்திருந்த பைனாகுலரைத் திருப்பிக் கேட்டார். பையிலேயே இருந்தது. கொடுத்துவிட்டேன்.

பஸ்ஸில் ருக்கு என் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு விரலை நக்கினாள். உப்பு.

2 செப்டம்பர்

ஒரு பக்கம் முழுக்க மன்னிப்புக் கேட்டு எழுதி, நோட்டையே கச்சாலுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாரும் இதுவரை எழுதியது பூராவும் அதில்தான். நகல் கிடையாது. அவள் அடுப்பில் போட்டால் போடட்டும்.

3 அக்டோபர்

கப்பல் வந்தது. நோட்டு இல்லை.

19 அக்டோபர்

ரங்கத் வாத்தியார் கார்டு: ‘எனக்கும் பறவை சரியாகத் தெரியாது. விலகிக்கொள்கிறேன்.’

நஜிமுதீன் பாய் ஃபெரியில் வந்து வாசலில் நின்றார். “தங்கச்சி, நான் எழுதினது பூரா காக்கா. அதையும் அடிச்சிருவாங்களா?” சிரிக்கத்தான் சொன்னார். நான் அழுததும் பயந்துபோய், “அரே, இந்தக் கப்பல்ல இல்லன்னா அடுத்த ஜஹாஜ்ல நோட்டு வந்துரும், பாருங்களேன்” என்று ருக்கு கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு ஓடினார்.

8 நவம்பர்

இரண்டாவது கப்பலும் வெறுமே வந்தது. ருக்குவுக்குக் காய்ச்சல். மழை விடவே இல்லை. இவர் ஷிப்டில்.

என்னால முடியல. நாலு பேர் சேர்ந்து ஒரு நோட்டு எழுத ஒரு இடம் வெச்சேன், அதையும் நானே கெடுத்துட்டேன். இந்தப் பிள்ளையை மட்டும் ஒழுங்கா வளர்த்துடுவேனா? படிச்சு என்ன பிரயோஜனம் — ஸ்கேல் வெச்சு நேரா கோடு போடத்தானா?

9 நவம்பர்

காய்ச்சல் இறங்கியது. எழுத ஒன்றுமில்லை.

12 டிசம்பர்

கச்சாலிலிருந்து பார்சல்.

மேலே எங்கள் நோட்டு. போனபடியே. என் மன்னிப்புக்குக் கீழே ஒரு எழுத்தும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

அடியில் இன்னொரு நோட்டு. பள்ளிக்கூட நோட்டு. உள்ளே ஆறேழு கையெழுத்து. சிலது ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதியது. ‘மாரியாயி சொன்னது: கோழி மாதிரி, பெரிய காலு, மண்ணைக் கூட்டி மேடு வெக்கிது.’ முதல் பக்கத்தில் ஜெயமணியின் எழுத்து:

‘இது எங்க நோட்டு. தெரிஞ்சவங்களும் எழுதலாம், தெரியாதவங்களும் எழுதலாம். அடுத்தவங்க எழுதினதுல யாரும் கோடு போடக் கூடாது. சந்தேகம்னா பக்கத்துல கேளுங்க.’

கடைசியில் இரண்டு பக்கம் காலியாக விட்டிருக்கிறாள். ஒன்றின் தலைப்பு ‘ரேஞ்சர் ஐயா’. மற்றது ‘ஹேடோ அக்கா’. இரண்டு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குள்: புதுசு.

என்னை மன்னித்ததாக எங்கேயும் எழுதவில்லை.

16 டிசம்பர்

நான்கு நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நாளைக்குக் கப்பல்.

காலையில் கப்பல் நிற்கும் வார்ஃப் விளக்குக் கம்பத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. ருக்குதான் கையை நீட்டினாள். பைனாகுலர் இல்லாமல் தெரிந்தவரை ‘ஹேடோ அக்கா’ பக்கத்தில் எழுதினேன்:

‘ஒன்று. மைனாவை விடச் சிறியது. முதுகு சாம்பல், வயிறு வெள்ளை. உட்கார்ந்தபடி வாலை இப்படியும் அப்படியும் ஆட்டியது. பெயர் எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள்.’

அடியில் சேர்த்தேன்: ‘பாப்பாவுக்கு நாலு பல்.’