சுடர் மூக்கில் வைத்த சந்தனம்

இன்று காலை குளியலறையிலிருந்து சந்தனம் கருகும் வாசனை வந்தது, அக்கா. விடுப்பில் வந்திருக்கும் மாமா, உன் வீட்டுக்காரர், பாண்டியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருந்தார். பிரான்சிலிருந்து உனக்காகக் கொண்டுவந்த காஸ் வெந்நீர்ப் பெட்டியைப் பழுதுபார்க்க, நீ செத்த பிறகுதான் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அது வந்த புதிதில் வில்லியனூரில் பாதித் தெரு நம் வீட்டுக்கு வந்து பார்த்தது. குமிழை அழுத்திப் பிடித்துப் பொத்தானைத் தட்டினால் ஒரு பொறி. உள்ளே நகமளவு நீலச் சுடர். உடனே கையை எடுத்தால் அணைந்துவிடும். "பக்கத்துல இருக்கிற கம்பி சூடாவணும்டி, அதுவரைக்கும் வுடாத" என்பாய். எட்டாம் வகுப்போடு நின்று உனக்குத் துணையாக இந்தப் புகுந்த வீட்டுக்கு வந்த எனக்கு, இங்கே கூசாமல் பேச இருந்தது நீ ஒருத்திதான்.

ஆயுத பூசையன்று உன் மாமியார் அதை அணைக்கச் சொல்லி, மூடியைக் கழற்றித் துடைத்து, சுடர் வரும் மூக்கிலேயே சந்தனத்தை அப்பினார்.

"மேல் தகரத்துல வச்சா போதும் அத்த" என்றாய்.

"அக்கினி வர்ற எடத்த வுட்டுட்டு தகரத்துக்கா பொட்டு வைப்பாங்க?"

மறுநாள் சந்தனத்தைத் துணியால் துடைத்துவிட்டு நீ பற்றவைத்தாய். ஓட்டைக்குள் இறங்கியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சுடர் மஞ்சளாக, குட்டையாக வந்தது, கம்பியை எட்டவில்லை. கையை எடுத்ததும் அணைந்தது. மறுபடி, மறுபடி. உன் கட்டைவிரல் சிவந்துபோயிற்று.

"இன்னாடி இது, பூசை போட்ட மறுநாளே நெருப்பு நிக்கல? இவ கைராசி அப்படி" என்றார் அத்தை.

அவ்வளவுதான். அந்தப் பொங்கலுக்கு அடுப்பு மூட்ட உன்னை விடவில்லை. குருவிநத்தத்திலிருந்து உன் நாத்தனார் வந்து மூட்டினார். நீ திரும்பி நின்று கரும்பைச் சீவிக்கொண்டிருந்தாய். காமாலையில் நீ போனபோதும் அதே ராசிப் பேச்சுதான்.

இன்று மெக்கானிக் ஒருமுறை பற்றவைத்து, கருகிய வாசனை வந்ததும் மெல்லிய கம்பியால் அந்த மூக்கைக் குடைந்தார். காய்ந்த தூள் உதிர்ந்தது.

"யாருங்க இதுல சந்தனத்த அடைச்சது? ஓட்டை அடைஞ்சா சுடர் எப்படி நிக்கும்?" என்று சிரித்தார்.

"போய்ச் சேர்ந்தாளே, அவதான் வச்சிருப்பா" என்றார் அத்தை.

நான் குறுக்கிட்டேன். "இல்ல அத்த. நீங்கதான் வச்சீங்க. அக்கா வேணான்னு சொல்லிச்சி."

மாமா திரும்பிப் பார்த்தார். என் குரலை அவர் கேட்டதே குறைவு.

"போனவளப் பத்தி இப்ப இன்னாத்துக்குடி" என்று அத்தை உள்ளே போய்விட்டார்.

பெட்டி இப்போது ஒரே தட்டில் பற்றிக்கொள்கிறது. பார்க்கவே எரிச்சலாக இருக்கிறது. நீ போய்விட்டாய், உனக்கு வைத்த பேர் போகவில்லை. அடுத்த மாதம் குருவிநத்தத்தில் உன் நாத்தனார் வீட்டுக் காதுகுத்து. அங்கே யாராவது உன் ராசியைப் பற்றி வாயெடுத்தால், சந்தனம் என்று சொல்வேன். கூட்டத்தில் எனக்கு வாய் வராது என்பது உனக்குத் தெரியும். ஒரே ஒரு சொல்தானே, அக்கா. சொல்லிவிடுவேன்.