பதினான்கு வருஷம் பிந்திய மறுப்பு

சென்னை
3 பிப்ரவரி 2025

அன்புள்ள வேலுத்தாய்,

என் போனை எடுக்க மாட்டாய் என்பதால் கடிதம். இந்த மாதம் 28ஆம் தேதி ஓய்வு பெறுகிறேன். முப்பத்தொரு வருஷம் டிவியில் அரசியல் செய்தி சொல்லியாகிவிட்டது. கடைசி நாள் நேரலையில் என்னையே பேட்டி எடுக்கிறார்களாம்.

அதில் உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011இல் உனக்கு எம்.எல்.ஏ. சீட்டு உறுதியாகியிருந்த நேரத்தில், நீ கட்சி மாறப்போகிறாய் என்று செய்தி சொன்னேன். ஒரே ஒருவர் சொன்னதை நம்பினேன். ஹாஸ்டலில் உன் தட்டிலேயே சாப்பிட்டவள், உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் உன் சீட்டு போனது. பொய் என்று ஒரே வாரத்தில் தெரிந்தும் மறுப்புப் போடவில்லை. எடிட்டர் வேண்டாம் என்றார்.

சொல்லட்டுமா?

உன் செலினா

கிளாவரை
11 பிப்ரவரி 2025

செலினாவுக்கு,

பூண்டு எடுக்கிற சோலி. அதனால்தான் தாமதம்.

நீ செய்தி சொன்ன அன்று என் வீட்டுக்காரர் கேட்டார்: "ஏ புள்ள, எங்கிட்டகூட ஒரு வார்த்த சொல்லலையே?" நான் சத்தியம் செய்தேன். "டிவில சொன்னது ஒங் கூட்டாளியில்ல?" என்றார். நான்கு வருஷத்துக்கு முன் அந்தச் சந்தேகத்தோடேயே போய்ச் சேர்ந்தார்.

சொல்வதென்றால் சொல். எடிட்டர் மேல் போடாதே. உன்னிடம் சொன்னவன் பெயரையும் சொல்.

வேலுத்தாய்

சென்னை
19 பிப்ரவரி 2025

அன்புள்ள வேலுத்தாய்,

உன் வீட்டுக்கார அண்ணன் இறந்ததுகூட எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்தபின் அன்று அலுவலகம் போகவில்லை.

எடிட்டர் பேச்சை எடுக்க மாட்டேன். ஆனால் பெயரைச் சொல்ல முடியாது. பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் இத்தனை வருஷம் இந்த வேலையைச் செய்தேன். அவர் சொன்னார், விசாரிக்காமல் ஒளிபரப்பியது நான். உனக்குக் கோபம் வரும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மார்ச்சிலிருந்து கொடைக்கானலில், அப்பா வீட்டில் இருப்பேன்.

உன் செலினா

கிளாவரை
3 மார்ச் 2025

செலினா,

பார்த்தோம். டீக்கடை டிவி முன்னால் பாதி ஊர் நின்றது. "அது பொய். நான் விசாரிக்கவில்லை" என்று நீ சொன்னாய். அந்தத் தேர்தலுக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்காத ஆண்டிச்சாமி மாமா பெஞ்சிலிருந்து எழுந்து, "ஏத்தா, நீ உக்காரு" என்றார். என் மகள் தமிழ்மதி அழுதுவிட்டாள். என் வீட்டுக்காரரும் இருந்து இதைக் கேட்டிருக்கலாம்.

நீ பெயரைச் சொல்லாதது எனக்குக் கோபம்தான். மன்னித்தேன் என்று எழுத உட்கார்ந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குக் கொடைக்கானல் வருகிறேன். வந்த சோலி முடிந்ததும் உன் வீட்டுக்கு வருவேன். சாப்பாடு எதுவும் செய்யாதே. டீ மட்டும் போடு.

வேலுத்தாய்