நடு மாடல் போதும் என்றாய்

இன்று காலை டிரைவர் செல்லத்துரை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். உன் இருக்கையோடு சேர்ந்த கால் பலகையை வெளியே இழுத்துத் துடைத்தபோது அதன் இடுக்கிலிருந்து நாலைந்து கிராம்புகள் உதிர்ந்தன. உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினான். முகர்ந்து பார்த்தேன். குமட்டல் வராமலிருக்க நீ வாயில் அடக்கிக்கொள்ளும் கிராம்பு. பங்குனியில் போனவள் நீ. இப்போது ஆனி பிறந்து குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. வாசம் மட்டும் இன்னும் போகவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று நம் மகளிடம் என்னைக் கேலி செய்வாயே, அந்தக் கல்நெஞ்சுக்காரன் டிரைவர் முன்னால் நின்று அழுதேன்.

நான் அழுததைப் பார்த்துத்தானோ என்னவோ, அவன் இத்தனை மாதம் மறைத்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லிவிட்டான். நான் உனக்காகத் தேர்ந்தெடுத்த இந்த வண்டியைப் பற்றியதுதான் அது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வழக்கம்போலக் கடையைத் திறந்துவிட்டேன். மதியம், ஆள் வராத நேரம். எஸ்டிமேட் எழுதுகிற தாளில் உனக்கு எழுதுகிறேன்.

வண்டி மாற்றுவதென்று முடிவானதே உன் உடம்புக்காகத்தான். வாரத்தில் மூன்று நாள் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு திரும்ப வேண்டும். போகும்போது முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு வருவாய். திரும்பும்போது பின் சீட்டில் தனியாகச் சுருண்டு படுத்திருப்பாய். பழைய டீசல் வண்டியின் அதிர்வும் புகை நாற்றமும் உனக்கு ஆகாது. ஆலங்குளம் வருவதற்குள் இரண்டு தடவையாவது நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டுவாய். நான் தண்ணீர் பாட்டிலோடு ரோட்டோரம் நிற்பேன். ஹைபிரிட் வண்டி வாங்குங்கள், பாதி நேரம் பேட்டரியில் ஓடும், அம்மாவுக்கு அதிர்வே தெரியாது என்று சென்னையிலிருந்து மகள் சொன்னாள். புரை விழுந்த கண்ணோடு இனி நீங்கள் ஓட்டக்கூடாது, டிரைவர் போடுங்கள் என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேஜை முழுக்க வண்டிப் புத்தகங்கள். ஒரே வண்டியில் ஐந்து ரகம். கீழே உள்ள இரண்டிலும் வெறும் பெட்ரோல்தான், நடு மாடலிலிருந்துதான் ஹைபிரிட். ஆகவே போட்டி நடு மாடலுக்கும் டாப் மாடலுக்கும். டாப்பில் மேலே கண்ணாடிக் கூரை, சீட்டுக்குள்ளிருந்தே குளிர்ந்த காற்று, சுற்றிலும் கேமரா, காலை ஆட்டினால் திறக்கிற டிக்கி. நடு வரிசையில் இரண்டு தனித்தனி சொகுசு இருக்கைகள், பொத்தானை அழுத்தினால் காலுக்குப் பலகை நீளும். நடு மாடலில் அந்த இடத்தில் ஒரே நீள சீட்டு. அவ்வளவுதான் என்று அதைப் பெரிதாக நினைக்காமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

நான் டைல்ஸ் விற்கிறவன். வீடு கட்டுகிறவர்கள் வந்தால் சாதாரண ரகத்தை முதலில் காட்டுவேன், பிறகு நடுத்தரம், கடைசியில் உயர்ந்த ரகத்தை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துப் பளபளப்பைக் காட்டுவேன். பாதிப் பேர் அதில் விழுந்துவிடுவார்கள். இந்த வித்தையெல்லாம் தெரிந்த நானே ஷோரூமில் தொபுக்கடீர் என்று விழுந்தேன். நம் ஊரில் புது வண்டி என்றதும் கேட்கிற முதல் கேள்வி ‘டாப் எண்டா?’ என்பதுதானே. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

போன ஆடியில் ஓட்டிப் பார்ப்பதற்காக வண்டியை வீட்டுக்கே கொண்டு வந்தார்கள். வந்தது நடு மாடல். ஷோரூம்காரர் ஓட்ட, நாம் இரண்டு பேரும் பின்னால் உட்கார்ந்து ஐந்தருவிப் பக்கம் போனோம். சீசன் கூட்டம். படகுத் துறையைத் தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. திடீரென்று இன்ஜின் சத்தம் அடங்கியது. வண்டி நின்று போய்விட்டதா என்று கேட்டாய். இல்லை, இப்போது பேட்டரியில் நகர்கிறது என்றார் அவர். நீ கண்ணாடியை இறக்கினாய். டீசல் நாற்றம் இல்லை. ரம்புட்டான் விற்கிற பெண் எதிர்ச்சாரியில் யாரையோ கூப்பிடுவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு உன் முகம் தெளிந்திருந்தது.

அப்போதுதான் நீ அதைச் செய்தாய். செருப்பைக் கழற்றிவிட்டு, காலைச் சீட்டின் மேல் மடக்கி, ஒருக்களித்துப் படுத்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டாய். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். ஷோரூம்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு மரியாதையாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வண்டி நகர்ந்து நகர்ந்து போனது. எதிரே என் கடையில் சரக்கு எடுக்கும் கடையத்துக் காண்ட்ராக்டர் குடும்பத்தோடு குடை பிடித்து நடந்து வந்துகொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எந்திச்சு உக்காரு. தெரிஞ்ச ஆளுக வருதாங்க” என்றேன்.

நீ எழுந்து உட்கார்ந்தாய். முடியைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தாய். காண்ட்ராக்டர் நம் பக்கம் திரும்பக்கூட இல்லை. உனக்கு அசதி, அதனால் படுத்துவிட்டாய் என்று நினைத்தேன். மடையன், உனக்காக வாங்குகிற வண்டியை நீ அப்போதுதான் சோதித்துப் பார்த்தாய் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்து இன்று காலையில்தான் உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் “எனக்கு இந்த வண்டியே போதும். இதுல்லா வசதி” என்றாய். எதில் வசதி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நீ எதிலும் ஒரு படி குறைவானதைத்தான் எடுப்பாய். ஜவுளிக்கடையில் நான் மேலே கையைக் காட்டினால் நீ கீழ்த்தட்டில் தேடுவாய். இதுவும் அந்தக் கணக்குத்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். “ஒரு தடவையாவது உனக்கு நல்லதா வாங்கித் தருதேன், வாய மூடிட்டு இரு” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்துக்கொண்டே சரி என்றாய்.

நடு மாடல் பதினைந்து நாளில் கிடைக்கும் என்றார்கள். டாப்புக்கு மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் நீ பழைய டீசல் வண்டியில்தான் ஆலங்குளம் ரோட்டில் தலையை நீட்டிக்கொண்டு வந்தாய். ‘இன்னும் கொஞ்ச நாள்தான், வண்டி வந்திரும்’ என்று ஒவ்வொரு தடவையும் நான் தேற்றினேன். இதை எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

ஐப்பசியில் வண்டி வந்தது. பண்பொழி திருமலைக் கோயிலுக்குக் கொண்டு போய்ப் பூஜை போட்டோம். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி இறக்கியபோது நீ கன்னத்தில் போட்டுக்கொண்டாய். மாலையில் வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் டாப் எண்டா என்று கேட்டார்கள். ஆமாம் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். கண்ணாடிக் கூரையைத் திறந்து மூடிக் காட்டினேன். உன்னை உட்கார வைத்துப் பொத்தானை நானே அழுத்தி, கால் பலகை மெல்ல எழும்புவதைக் காட்டினேன். எப்படி இருக்கிறது என்றேன். நல்லாருக்கு என்றாய்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் செல்லத்துரை ஓட்டினான். நாம் நடு வரிசையில், நீ இடது இருக்கையில், நான் வலது இருக்கையில். நடுவில் ஓர் ஆள் நடந்து போகிற இடைவெளி. அதில் உன் மருந்துப் பையையும் பிளாஸ்க்கையும் வைத்திருந்தோம். டயாலிசிஸ் முடிந்து பிரஷர் இறங்கி வருகிற உடம்பு உனக்கு. சீட்டை எவ்வளவு சாய்த்தாலும் முழுசாகப் படுக்க முடியாது. தலை ஜன்னல் பக்கமாகச் சரியும், நிமிர்வாய், மறுபடியும் சரியும். நான் தலையணை வாங்கி வைத்தேன். இடைவெளியைத் தாண்டிக் கையை நீட்டி உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பாவூர்சத்திரம் வருவதற்குள் எனக்குத் தோள்பட்டை வலித்துவிடும், கையை எடுத்துவிடுவேன். நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை. கிராம்பைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பாய்.

பங்குனியில் உன் இதயம் தாங்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. ஆம்புலன்ஸில் நீ வந்தாய். செல்லத்துரை நம் வண்டியை வெறுமனே பின்னால் ஓட்டி வந்தான்.

இன்று காலை அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கிராம்பை என் கையில் கொடுத்துவிட்டு, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

“அண்ணாச்சி, மதினி ஒருநாள் நீங்க மருந்து வாங்கப் போயிருந்தப்போ கேட்டாவ. இந்த ரெண்டு சீட்டையும் கழத்திட்டு நீட்டு சீட்டு ஒண்ணு போட முடியுமான்னு. நானும் ரெண்டு எடத்துல விசாரிச்சேன். கேரண்டி போயிரும், செய்ய முடியாதுன்னுட்டாங்க.”

எதற்கு என்று உன்னிடம் கேட்டானா என்று அவனை விசாரித்தேன்.

“கேட்டேன். ‘நீட்டு சீட்டுன்னா அவிய மடியில தலைய வச்சிட்டே வந்திருவேன் செல்லத்துர. இதுல ஆளுக்கொரு நாற்காலியப் போட்டுல்லா உக்காந்திருக்கோம்’னாவ. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ. ஆசையா வாங்கிருக்காவ, மனசு கஷ்டப்படும்னாவ.”

எனக்கு முதலில் வந்தது உன் மேல் கோபம்தான். மறைக்க மாட்டேன். முப்பத்தொரு வருஷம் கூட இருந்தவனிடம் கேட்காமல், நேற்று வந்த டிரைவரிடம் கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த டாப் மாடலை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன், ஊரே சிரித்தாலும் சரி என்று காலை முழுக்க மனசுக்குள் உன்னோடு சண்டை போட்டேன். பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தபோது உண்மை உறைத்தது. அப்படி ஒன்றும் நான் அனுப்பியிருக்க மாட்டேன். மடியில் படுப்பதற்காகவா நடு மாடல் வாங்குவது, டிரைவர் என்ன நினைப்பான் என்று உன்னிடமே திருப்பிக் கேட்டிருப்பேன். நீ வாயால் சொல்ல வெட்கப்பட்டுச் செய்து காட்டினாய். செய்து காட்டியதற்கு என்ன பதில் கிடைத்தது என்பதையும் பார்த்துவிட்டாய். அதற்கு மேல் எப்படிக் கேட்பாய்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு புருஷனும் மனைவியும் வந்து டைல்ஸ் பார்த்துவிட்டுப் போனார்கள். கணவர் உயர்ந்த ரகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அந்த அம்மா சாதாரண ரகத்தைக் காட்டி இது போதும் என்றார். வழக்கமாக நான் புருஷன் பக்கம்தான் சாய்வேன். இன்று துணியைக் கீழே வைத்துவிட்டு, ஏன் இது போதும் என்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் முதலில் கணவரைப் பார்த்தார். பிறகு, மாமனார் கம்பு ஊன்றி நடக்கிறார், வழவழப்பு ஆகாது என்றார். கணவர் அதை அப்போதுதான் கேள்விப்படுகிறவர் போல நின்றார். சொரசொரப்பானதையே எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

வண்டியை மாற்றிவிடச் சொல்கிறாள் மகள். மாற்றலாம், வைத்துக்கொள்ளலாம், எதுவானாலும் எனக்கு இனி ஒன்றுதான். என்னோடு இருப்பது வண்டி இல்லை. இடது தொடையில் உன் தலையின் கனம், வேட்டியைத் தாண்டிச் சுட்ட உன் கன்னத்துச் சூடு, சாரலில் நனைந்திருந்த உன் முன்முடி. பத்து நிமிடம் இருந்திருக்கும். முப்பத்தொரு வருஷத்தில் பகல் வெளிச்சத்தில், வீட்டுக்கு வெளியே, நீ என் மடியில் தலை வைத்தது அந்தப் பத்து நிமிடம்தான். அன்று என் கை முன் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட உன் தலை மேல் வைக்கவில்லை.