சிக்னலில் குனியும் கார்

மாட்சுமோட்டோ
அக்டோபர் கடைசி

அன்பு மகள் யூகாரிக்கு,

அம்மா எழுதுவது. ரெய்க்யவிக்கில் குளிர் உன்னைப் பிடிப்பதற்குள் நீ கம்பளியைப் பிடித்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அப்பா நலம். நானும் நலம்தான், நிமிர்ந்து நிற்கச் சொல்லாத வரை. சமையலறை மேசையில் பாதி கவிழ்ந்தபடி இதை எழுதுகிறேன். வரிகள் மலையேறினால் இடுப்பைக் குறை சொல், என்னை அல்ல.

புது அரிசி வந்துவிட்டது. மாடி வீட்டு ஓகிசோ பெரியவர் வழக்கம்போல ஒரு கூடை சீமைப் பனிச்சைப் பழம் கொடுத்தார், வழக்கம்போல எல்லாம் துவர்ப்பு, வழக்கம்போல அப்பா தோலைச் சீவிக் கயிற்றில் கட்டி, காய்ந்தால் இனிக்கும் என்று பால்கனியில் தொங்கவிட்டிருக்கிறார். மற்ற செய்தி எல்லாம் கார் பற்றியதுதான். பெருமூச்சு விடாதே, இங்கே கேட்கிறது.

போன மாதம் ஒரு மாலை கல்லூரியிலிருந்து திரும்பும்போது சுரங்கப் பாதைக்கு முன்னால் விளக்கைப் போட்டேன். பானட்டுக்குள் மூடிக் கிடந்த இடது ஹெட்லைட் எப்போதும்போல மேலே எழுந்தது. வலது எழவில்லை. ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் நின்றிருந்த ஓகிசோ பெரியவர், "என்னங்க மிட்சுயோ அம்மா, இந்த வயசுல உங்க வண்டி என்னைப் பாத்துக் கண்ணடிக்குது, என் வீட்டுக்காரி ஜன்னல்ல நிக்குறா" என்றார். நான் சிரித்தேன். சிரிக்க வேண்டிய விஷயம் இல்லை என்பது எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும்.

உனக்கு இதை நாங்கள் சொல்லவில்லை. கோடையில் நாங்கள் ஒரு முடிவு செய்தோம். கட்டடத்தில் நமக்கு ஒரே ஒரு கார் நிறுத்துமிடம். அப்பாவின் முழங்காலுக்குத் தரையோடு தாழ்ந்த இந்தக் காரில் ஏறுவது கிணற்றில் இறங்குவது போல. கதவு சறுக்கித் திறக்கும் உயரமான டப்பா வண்டி ஒன்றின் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். நியாயம்தான். ஆகவே ஒப்பந்தம்: இந்த முறை வண்டிகளுக்கான அரசாங்கச் சோதனையில் தேறினால் இன்னும் இரண்டு வருடம் சிவப்புக் கார். தேறாவிட்டால் டப்பா. நான் ஒப்புக்கொண்டேன். தேறும் என்ற திமிர். எனக்கு அறுபத்திரண்டு, யூகாரி. இனி ஒரு முட்டாள்தனமான பொருளை வாங்கும் துணிச்சல் எனக்கு வராது. இதுவும் போய்விட்டால் வீட்டில் பொறுப்பான சாமான்கள் மட்டும்தான் மிஞ்சும். நான் உட்பட.

மெக்கானிக்கிடம் விடவில்லை. முப்பது வருடம் நாவல் பாடம் நடத்தியவளுக்கு எதையும் இரண்டு தரம் வாசித்தால் புரிந்துவிடும் என்ற வியாதி உண்டு. முதலில் ஃபியூஸ் என்று தீர்மானித்தேன். அதில் ஒரு கதையமைதி இருந்தது. சின்ன காரணம், பெரிய இருட்டு. தவறான ஃபியூஸைப் பிடுங்கியதில் கார் கடிகாரம் அணைந்து மறுபடி பன்னிரண்டிலிருந்து தொடங்கியது. பிறகு ரிலேயைச் சந்தேகப்பட்டேன், பிறகு வயரை, பிறகு சுவிட்சை. ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து மாட்டினேன். மிகவும் சுத்தமான, வேலை செய்யாத ஒரு கார் கிடைத்தது. காதில் இயர்போன் செருகி, ஒசாகாக்காரர் ஒருவர் கார் பழுது பற்றிப் பேசும் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே இதையெல்லாம் செய்தேன். ஒரு நாள் அப்பா டீ கொண்டு வந்தவர் சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு என் காதிலிருந்து ஒன்றை உருவினார். "அது பாடிக்கிட்டேதான் இருக்கு. நீதான் கேக்கல" என்றார். சுவிட்சைத் திருப்பினேன். ர்ர்ர் என்று வலது மோட்டார் ஓடியது. முதல் நாளிலிருந்தே ஓடியிருக்க வேண்டும். மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, விளக்கு மட்டும் தூக்கப்படவில்லை. மோட்டாரைத் திறந்தேன். உள்ளே நைலான் பல்சக்கரம். பற்கள் ஒரு பக்கம் மட்டும் மழுங்கி வெள்ளைத் தூளாகக் கிடந்தன.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது, ஏன் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, ஏன் வலது மட்டும் என்று நான் தத்துவம் பேசிக்கொண்டிருந்தேன். அப்பா மிசோ சூப்பைக் கீழே வைக்காமலே சொன்னார், "முப்பது வருஷமா ஒவ்வொரு சிக்னல்லயும் கும்பிடு போடவெச்சா எந்த இடுப்புதான் தாங்கும்?"

நீ சின்ன வயதில் கைகொட்டிச் சிரித்ததுதான் இது. சிவப்பு விழுந்து நிற்கும்போது எதிரே நிற்பவருக்குக் கண் கூசக்கூடாது என்று விளக்கை அணைப்பது இங்கே பலரும் செய்வது. சுவிட்சை ஒரு படி திருப்பினால் போதும். வெளிச்சம் போகும், விளக்குகள் எழுந்தபடியே நிற்கும். நான் இரண்டு படி திருப்புவேன். இரண்டு விளக்குகளும் மெல்ல உள்ளே இறங்கும். கார் தலை குனிந்து வணங்குவது போலவே இருக்கும். பச்சை விழுந்ததும் நிமிரும். எதிரே லாரிக்காரர்கள் சிரிப்பார்கள், குழந்தைகள் கையசைப்பார்கள். நான் எதுவும் நடக்காதது போல நேராகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மரியாதைதானே என்றேன் அப்பாவிடம். "ஒரு படி மரியாதை. ரெண்டாவது படி நாடகம்" என்றார்.

புதுச் சக்கரம் வர நாளாகும் என்றார்கள். சோதனைத் தேதி அதற்கு முன்னால். ஆனால் மோட்டாரின் பின்னால் ரப்பர் மூடிக்குள் ஒரு குமிழ் இருக்கிறது. மோட்டாரின் வேகத்துக்கு வழுக்கும் பற்கள் கையால் மெதுவாகத் திருகினால் பிடித்துக்கொண்டன. விளக்கு விரல் விரலாக மேலே வந்தது. தூக்கி நிறுத்திவிட்டால் போதும், எரிகிறதா, ஒளி சரியான இடத்தில் விழுகிறதா என்றுதான் பார்ப்பார்கள். சோதனை நாள் காலை இரண்டையும் எழுப்பி வைத்தேன். அப்பா வாசலிலேயே, "மோட்டார் பிளக்கைக் கழட்டிடு. உன் கை சும்மா இருக்காது" என்றார். நான் என்ன பச்சைக் குழந்தையா என்றேன், பிளக்கைத் தொடவில்லை. அவரும் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

மழையும் மூடுபனியுமாக இருந்தது. விளக்கோடுதான் போக வேண்டும். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் சிவப்பு விழுந்தது. எதிரே முட்டைக்கோஸ் ஏற்றிய சின்ன லாரி. என் கை சுவிட்சைத் திருப்பியது. இரண்டு படி. என் கைதான், நான் இல்லை. கார் மிக அழகாகக் குனிந்தது. பச்சை விழுந்தது. இடது எழுந்தது. லாரிக்காரர் கடந்து போகும்போது சிரித்துக்கொண்டே தலையைத் தாழ்த்தினார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். சோதனை நிலையம் வரைக்கும். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

வரிசையில் வண்டிகளைச் சோதிக்கும் ஹெல்மெட் போட்ட பையன் ஒருவன், மிக மரியாதையாக, "மன்னிக்கணும்மா, வலது பக்க விளக்கு இன்னும் எழுந்திருக்கல போலிருக்கு. கொஞ்சம் ஒதுக்கி நிறுத்திச் சரிபண்ணிட்டு வாங்க. மதியத்துக்குள்ள வந்தா பாத்துடுறேன்" என்றான். ஓரமாக நிறுத்தினேன். பானட்டைத் திறந்தேன். குமிழைத் தேடிக் குனிந்தேன். அப்போதுதான் இடுப்பு பிடித்துக்கொண்டது. கொட்டும் மழையில், முட்டியில் கை வைத்து, மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நின்றேன். எனக்கும் பல்சக்கரம் தேய்ந்திருக்க வேண்டும். மூச்சு விட்டால் வலித்தது. முடிந்தது என்று நினைத்தேன். அப்பா ஜெயிக்க வேண்டுமென்றால் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் போதும்.

கதவு திறந்தது. அவர் முழங்கால்கள் இரண்டும் சத்தம் போட்டன. கதவைப் பிடித்து, கூரையைப் பிடித்து, கடைசியில் என்னையும் பிடித்து எழுந்து வந்தார். "எங்க இருக்கு அந்த எழவு குமிழ்?" என்றார். குரலால் வழி காட்டினேன். "மெதுவா, அவசரப்படுத்தினா வழுக்கும்" என்றேன். "முப்பத்தஞ்சு வருஷமா உன்னை அவசரப்படுத்தாமத்தானே இருக்கேன், எனக்குத் தெரியாதா" என்றார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. விளக்கு மேலே வந்தது. பிளக்குகளை அவரே பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார், வயரோடு இருந்ததால் முடியவில்லை. எதற்காக இதைச் செய்கிறீர்கள், உங்கள் டப்பா என்ன ஆவது என்று கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பையன் அவ்வளவு மரியாதையா உன்னைத் தேறலன்னு சொல்றதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நான் சொன்னா அது வேற" என்றார்.

ஸ்டியரிங்குக்குப் பின்னால் என்னை மடித்து வைத்தார். தேறிவிட்டது. கண்ணாடியில் புதுச் சோதனை வில்லை ஒட்டியாயிற்று. இரண்டு வருடம்.

திரும்பும்போது அதே பாலம், சிவப்பு. இந்த முறை நான் ஒரே ஒரு படி திருப்பினேன். வெளிச்சம் போயிற்று. விளக்குகள் இரண்டும் தவளைக் கண்கள் மாதிரி விழித்துக்கொண்டு நின்றன. எதிரே ஒரு டாக்சி. எங்களுக்கு என்னவோ குறைந்தது போல இருந்தது. பிறகு ஓரக்கண்ணால் பார்த்தேன். உன் அப்பா, நனைந்த சட்டையோடு, டாக்சிக்காரரை நோக்கி மெல்லக் குனிந்து நிமிர்ந்தார். நான் பார்த்ததைப் பார்த்ததும் காலடியில் எதையோ தேடத் தொடங்கினார். பச்சை விழும் வரை தேடினார்.

அவரிடம் நான் இதை எழுதியதாகச் சொல்லாதே. கேட்டால் பேனா விழுந்தது என்பார். வண்டியில் பேனாவே கிடையாது. உங்கள் ஊரில் பகலிலும் கார் விளக்கு எரியத்தான் வேண்டும் என்று எழுதியிருந்தாய், அங்கே எந்த சிக்னலிலும் அணைக்காதே, பழக்கதோஷம் நம் குடும்பத்துக்கே உண்டு. மீன் எண்ணெய் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. முதுகை வளைத்துக் கணினி முன்னால் உட்காராதே, இதைச் சொல்லும் தகுதி எனக்கு இப்போது நிறையவே இருக்கிறது. இருட்டு நீளும் மாதங்கள் உனக்கு இலேசாகக் கழியட்டும். உன்னோடு இருப்பவர்கள் உன் முட்டாள்தனங்களைப் பொறுத்துக்கொள்பவர்களாக அமையட்டும்.

நிமிர முடியாவிட்டாலும் உன்னை நினைத்து,
அம்மா
மிட்சுயோ