இடைவேளைக்கு அப்புறந்தான் நல்லாருக்கும்

இன்று மத்தியானம் டிவியைப் போட்டால் அந்த ரெஸ்லிங்காரன் தமிழ் பேசிக்கொண்டிருந்தான். மலை மாதிரி உடம்பு, யாரோ இரவல் கொடுத்த கீச்சுக் குரல். "ஏலே, வாங்கலே" என்று அவன் அடியாட்களைக் கூப்பிட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். கம்பம் தியேட்டரில் நீயும் நானும் ஒளிந்துகொண்டு பார்த்த அதே படம்.

அன்று விடியலில் கட்டைப்பையோடு என் வீட்டுக்கு வந்தாய். உன் புருஷன் அடித்ததில் உதடு கிழிந்திருந்தது. கட்டப்பனையிலிருந்து உன் அக்கா ஜீப்பில் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவள் மலையிறங்கச் சாயங்காலம் ஆகும். என் வீட்டிலும் தேடுவார்கள், பஸ் ஸ்டாண்டிலும் தேடுவார்கள். "தியேட்டருக்குப் போவோம்டி, இருட்டா இருக்கும்" என்றாய். போஸ்டரில் அந்த ரெஸ்லிங்காரனைப் பார்த்ததும் அந்த முகத்தோடு சிரித்தாயே, உன்னை என்ன சொல்ல. டிவியில் ரெஸ்லிங் ஓடினால் நீயும் உன் கொழுந்தனும் ஆளுக்கொரு கட்சி கட்டுவீர்கள். "அடிக்கிறதுதான் நடிப்பு, விழுறது நெசம்டி" என்பாய்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவுத் திரை விலகி வெளிச்சம் விழுந்தது. வந்தவன் உன் கொழுந்தன். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தான். திரையில் அந்த ரெஸ்லிங்காரன் ஒருவனைத் தலைக்குமேல் தூக்கி எறிந்தான். உன் கொழுந்தன் வந்த வேலையை மறந்து, நமக்கு முன்வரிசையில் காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் சீட்டுக்கடியில் குனிந்துகொண்டேன். நீ முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படம் பார்த்தாய்.

இடைவேளைக்கு விளக்கு எரிந்தது. திரும்பியவன் உன்னைப் பார்த்தான். உன் உதட்டையும் பார்த்தான். அவன் போன் அடித்தது. உன் புருஷன்தான்.

"தியேட்டர்ல இல்லண்ணே. உத்தமபாளையம் போயிருப்பாக."

போனை வைத்துவிட்டு, "உக்காருங்க மதினி. இடைவேளைக்கு அப்புறந்தான் நல்லாருக்கும்" என்றான்.

"ஏற்கெனவே பாத்துட்டியாக்கும்?" என்று கேட்டாய், கல்யாண வீட்டில் சந்தித்த மாதிரி.

எனக்கு அவனைப் பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. "உன் புருஷன்கூடப் பொறந்தவன், நம்பாதடி" என்று உன் காதில் சொன்னேன்.

"படத்தப் பாருடி. அவனப் பாத்து என்ன செய்யப்போற?"

மீதிப் படம் முழுக்க அவன் கையிலிருந்த போனைத்தான் பார்த்தேன். மறுபடி அது மினுங்கியது. அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான். நீயோ கிழிந்த உதட்டோடு விசிலடித்தாய்.

ஜீப்பில் ஏறும்போது உதட்டில் மறுபடி ரத்தம். "படத்துல கடைசில அவன் விழுந்து எந்திரிச்சத பாத்தியாடி?" என்று கேட்டாய்.

"ஏறு மொதல்ல" என்று உன்னைத் தள்ளினேன். ஜீப் கிளம்பிவிட்டது.

அதற்குப் பிறகு உன்மேல் யாரும் கை வைக்கவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் வேலை, சொந்தமாக ஒரு டிவி என்று நன்றாகத்தான் இருந்தாய். பார்த்தபோதெல்லாம் நமக்கு வேறு பேச்சு; அன்று ஜீப்பில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லை. போன மாதம் கட்டப்பனைக்கு ஓடிவந்தேன், உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் கொழுந்தன் எனக்கு முன்பே வந்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

இன்று அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசிவரை பார்த்தேன். யாரும் யாரையும் தேடி வரப்போவதில்லை என்று தெரிந்தும் கண் கதவுக்கே போனது. அன்றைய பயம் உனக்கு ஜீப்போடு தீர்ந்துவிட்டது, எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கடைசியில் அந்த ரெஸ்லிங்காரன் விழுந்தான். எழுந்திருக்காமல் கிடந்தான். அந்த நேரம் மட்டும் கதவு எனக்கு மறந்துபோனது.

எந்திரிச்சான்டி. பாத்துட்டேன்.